கைப்பிடி கொஞ்சம் ஆடும்

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்தே நேரத்தை ஓட்டிவிடுவீர்கள். கேட்க வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். உங்கள் கடை வண்டி வாரம் இரண்டு முறை இந்தப் பக்கம் வருகிறது. கடிதம் கொண்டுவந்து கொண்டுபோக ஓட்டுநரும் சம்மதித்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பழைய பெட்டிகள் வேண்டும். கையில் தூக்கிப் போகிற மாதிரிப் பெட்டிகள், முப்பத்தெட்டு. பூட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பழைய சாமான் கடையின் பின்கட்டில் கூரை வரை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எதற்கென்று சொல்கிறேன். ஹிட்லர் காலத்தில் யூதர்களைக் கொன்று குவித்த வரலாற்றை எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நான் நடத்த வேண்டும். கொல்லப்பட்டவர்கள் அறுபது லட்சம் பேர். எங்கள் பாடப் புத்தகத்தில் அது ஒன்றரைப் பத்தி.

போன வருடம் நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் முகாம்களின் படங்களைத் திரையில் காட்டினேன். மூன்றாவது படத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டு இன்னும் நான்கு பேர். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் கத்தினேன் அண்ணி. செத்துக் கிடந்தவர்களின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "வெட்கமா இல்ல உங்களுக்கு?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதன் பிறகு அந்த அறையில் யாரும் எதையும் படிக்கவில்லை. மறுநாள் இரண்டு பெற்றோர் வந்து புகார் கொடுத்தார்கள்.

எங்கள் தலைமையாசிரியை இந்த முறை ஆறு வகுப்புகள் கொடுத்திருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கடிகாரம்'. அரை நிமிடம்கூடத் தப்ப மாட்டார். கடைசி வகுப்பில் அவரே வந்து பின்னால் உட்காருவாராம். சரிப்படவில்லை என்றால் இனி எல்லா வருடமும் அந்த ஒன்றரைப் பத்தியை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஆகவே இந்த முறை படம் கிடையாது. பிள்ளைகள் தாங்களே உணர வேண்டும். நான் விசில் ஊதுவேன். பத்து நிமிடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு பெட்டி கட்ட வேண்டும். பிறகு வரிசையில் நிற்க வைப்பேன். அன்று அவர்களையும் ஆளுக்கொரு பெட்டியோடுதான் வீட்டை விட்டுக் கிளப்பினார்கள், அதற்குத்தான் பெட்டி. அண்ணனிடம் சொல்லுங்கள். நீங்கள் சிரிக்காமல் படியுங்கள்.

உங்கள்,
நாத்தனார்


ஜூன் 14

என் அருமை நாத்தனாரே, டீச்சரம்மா,

உன் கடிதம் வந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதுவே அதிகம். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

போன வருடக் கதையைப் படித்தேன். அதை ஒரு வருடமாக வயிற்றில் வைத்துக்கொண்டா இங்கே வந்து சாப்பிட்டுப் போனாய்? என்னிடம் சொல்லியிருந்தால் நானும் கூட வந்து கத்தியிருப்பேனே.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு எது வந்தாலும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டேன். மின்விசிறியானாலும் சரி, நாத்தனாரின் யோசனையானாலும் சரி. அதனால் உன் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

"இந்தாங்க. பத்து நிமிஷம். இனி இந்தப் பக்கம் திரும்பியே வர மாட்டீங்க. வேணுங்கிறதை எடுத்துக் கட்டுங்க."

"எங்க போறேன்?"

"அது தெரியாது."

"நீயும் வர்றியா?"

"இல்ல. நீங்க மட்டும்தான்."

"அப்போ அஞ்சு நிமிஷமே போதும்."

விசில் இல்லாததால் நான் வாயாலேயே ஊதினேன். மனிதர் குதித்துக்கொண்டு கட்டினார். சவரப் பெட்டி, பிஸ்கட் டப்பா, என் தலையணை, டிவி ரிமோட். "டிவி இல்லாம ரிமோட் எதுக்கு?" என்றேன். "நீ நிம்மதியா உக்காந்து பாத்துடக் கூடாதுல்ல" என்கிறார். சத்தம் கேட்டு எதிர்க்கடை சைக்கிள்காரர் ஓடி வந்தார். அவரும் ஒரு பெட்டியை எடுத்து அவர் பங்குக்குக் கட்ட ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேரும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பெட்டியை மூடும்போதுதான் எதற்காக இதைத் திறந்தோம் என்று நினைவு வந்தது. சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது, என்னடி செய்தோம் என்று.

நாங்கள் நரைத்த தலைக்காரர்கள். எங்களுக்கே இந்தக் கதி என்றால், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கையில் பெட்டியைக் கொடுத்து விசிலும் ஊதினால் உங்கள் பள்ளிக்கூடக் கூரை பறக்கும். சிரிக்காத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அது வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் பதுங்கும். மணி அடித்ததும் உன் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும். அன்றைக்குப் பெட்டி கட்டினவர்கள் போனார்களா? அவர்கள் பட்டது இவ்வளவுதான் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டால் என்ன செய்வாய்?

பெட்டி கிடையாது. நாற்காலி வேண்டுமென்றால் தருகிறேன், உட்கார்ந்து யோசி.

உன்,
அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

தர முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் மூன்று வாரம் தூங்காமல் யோசித்ததை வைத்து எதிர்க்கடைக்காரர் வரைக்கும் சிரித்திருக்கிறீர்கள். போன வருடம் பின்வரிசையில் சிரித்தவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. அவர்களாவது பிள்ளைகள்.

உங்களுக்கு எல்லாமே கடைச் சாமான்தான். ஓட்டிப் பார்ப்பீர்கள், ஓடவில்லை என்றால் ஓரமாகப் போடுவீர்கள்.

ஓட்டுநர் காத்திருக்கிறார். இத்துடன் நிறுத்துகிறேன்.


ஜூன் 21

டீச்சரம்மாவுக்கு,

கோபத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மேலே 'அன்புள்ள' என்று போட்டிருக்கிறாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். சிரித்ததை உனக்கு எழுதியிருக்கக் கூடாது என்று உன் அண்ணன் சொன்னார். எழுதாமல் விட்டால் நீ விசிலை வாங்கியிருப்பாய் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கேலியை ஓரமாக வைக்கிறேன். நீ இதில் தோற்றுவிடக் கூடாது. அந்தப் பிள்ளைகள் ஒன்றரைப் பத்தியோடு போய்விடவும் கூடாது. இந்தப் பாடத்துக்கான பயிற்சிக்கு ஒரு வாரம் போய் வந்தாயே, காகிதம் ஏதாவது கொடுத்திருப்பார்களே? படம் வேண்டாம், அந்தப் பெண்ணைப் போல நானும் வெளியே ஓடிவிடுவேன். வீடு, வாசல், சாமான் என்று ஏதாவது இருந்தால் அனுப்பு. சாமான் என்றால் எனக்குப் புரியும்.

இன்னொன்று. நிலைமை மோசமாகிறது என்று தெரிந்ததும் அவர்கள் முன்னாலேயே ஓடிப் போயிருக்கலாமே? சைக்கிள்காரரும் அதையேதான் கேட்கிறார். உன் பிள்ளைகளும் கேட்கும், பதிலை எடுத்து வைத்துக்கொள்.

அண்ணி


ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு,

'எல்லாமே கடைச் சாமான்தான்' என்று எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். விசில் வாங்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள், லட்சக்கணக்கில். ஆனால் ஓட ஒரு நாடு வேண்டும், அந்த நாடு அனுமதி தர வேண்டும். பல நாடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. போனவர்களிடமும் வீடு, சேமிப்பு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள். பிறகு வெளியேறுவதையே தடுத்துவிட்டார்கள். வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நின்றவர்கள் எத்தனையோ பேர். 'அவர்கள் ஏன் ஓடவில்லை' என்று கேட்டால் பழி செத்தவர்கள் மேல் விழுகிறது. 'யார் துரத்தினார்கள், யார் யார் கூட நின்றார்கள்' என்று கேட்கச் சொல்லி எங்களுக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள்காரரிடமும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட மாதிரி ஒரு காகிதம் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு நகரம், 1942. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், இரண்டே அறை. அவர்களை ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். நான்கு பேரில் யாரும் திரும்பவில்லை. அதன் பிறகு ஒரு அதிகாரி வந்து வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுத்திருக்கிறார். தமிழில் நானே எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று பாருங்கள். எனக்கு இது ரொம்ப வறண்டதாகத் தெரிகிறது.

காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் ஒன்று, சிறியது, கைப்பிடி கொஞ்சம் ஆடும். பால் பாத்திரம் ஒன்று. வேறு பாத்திரம் மூன்று, ஒன்றுக்கு மூடி இல்லை. கோப்பை ஐந்து. மேஜை ஒன்று, சன்னல் பக்கத்துக் கால் குட்டை. நாற்காலி ஆறு. கம்பளிப் போர்வை நான்கு. பெரிய கட்டில் ஒன்று. பிள்ளைக் கட்டில் இரண்டு. உடுப்பு அலமாரி ஒன்று, சாவி அதன் மேலேயே இருக்கிறது. பிள்ளையின் கம்பளிக் கையுறை ஒன்று, ஜோடி இல்லை.

அன்புடன்,
நாத்தனார்


ஜூன் 30

நாத்தனாரே,

உட்கார்ந்துகொண்டு படி.

இந்தப் பட்டியலை எந்த அதிகாரியும் எழுதவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுக்குள் போய்ப் பட்டியல் எடுக்கிறவள் சொல்கிறேன். வெளியாள் வாசலில் கால் வைத்ததும் கண் பெரிய சாமான்மேல்தான் போகும். அலமாரி, கட்டில், மேஜை. வண்டியில் இடம் பிடிப்பதுதான் முதலில் ஏறும். சில்லறைச் சாமான்களை 'சமையல் பாத்திரம், ஒரு கூடை' என்று ஒரே வரியில் முடிப்போம். இதில் எடுத்த எடுப்பில் காப்பி இயந்திரம் வருகிறது. காலையில் எழுந்ததும் யார் அதைத் தொடுவார்களோ அவர்கள்தான் அதிலிருந்து தொடங்குவார்கள்.

கைப்பிடி ஆடும் என்று எழுதியிருக்கிறது. அதைச் சுற்றிப் பார்த்தால்தானே தெரியும்? எந்த அதிகாரி நின்று காப்பி அரைத்துப் பார்ப்பார்? மேஜைக்கால் குட்டை என்று நானும் எழுதுவேன். 'சன்னல் பக்கத்துக் கால்' என்று எழுத மாட்டேன், என் வண்டியில் ஏறின பிறகு ஏது சன்னல்? அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத்தான் அது சன்னல் பக்கம்.

சாவி மேலேயே இருக்கிறது என்பதைப் பார். அடுத்து வருகிறவன் பூட்டை உடைத்துக் கதவைக் கெடுத்துவிடப் போகிறானே என்று சொல்லி வைத்துவிட்டுப் போகிறாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற பொம்பளைகள் என்னிடமும் அப்படித்தான் சொல்வார்கள். "அக்கா, இழுக்காதீங்க, லேசாத் தூக்கித் திறங்க."

ஒற்றைக் கையுறைதான் என்னைப் படுத்துகிறது. அதை எந்த வியாபாரியும் எழுத மாட்டான், குப்பையில் போடுவான். விட்டுப்போனால் மறைத்தாய் என்று ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயந்து எழுதியிருக்கிறாள். எழுதும்போது இன்னொன்றை வீடெல்லாம் தேடியிருப்பாள்.

நான் 'அவள்' என்கிறேன். அவராகவும் இருக்கலாம், ஆனால் உன் அண்ணனுக்கு நம் வீட்டில் எத்தனை கோப்பை என்று இன்றைக்கு வரை தெரியாது.

வறண்டது என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக நான் காப்பி போடும்போதெல்லாம் அந்தக் கைப்பிடி ஆடுகிறது. சரி, நூற்றுக்கு எத்தனை எனக்கு?

அண்ணி


ஜூலை 4

என் அண்ணிக்கு,

பயிற்சி கொடுத்தவரிடம் நேற்றே போனில் கேட்டேன். அவர் தன்னிடம் இருந்த மூலத் தாளை எடுத்துப் பார்த்தார். நீங்கள் சொன்னதுதான் சரி. ரயிலில் ஏற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு குடும்பமும் தன் உடைமைகளையெல்லாம் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் படிவம் கொடுத்திருந்தது. அதன் நகல்தான் இது. அதிகாரியின் பட்டியல் வேறு ஒரு தாள். என்னிடம் இரண்டும் இருந்தன. தலைப்புகளை மாற்றிப் போட்டு, வினாத்தாளே தயாரித்து வைத்திருந்தேன். பத்து முறை படித்தேன் அண்ணி. சன்னல் என் கண்ணில் படவே இல்லை.

எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தெரியாமல் போயிருந்தால் அந்த அம்மாவின் எழுத்தை அவர்களைத் துரத்தியவன் கையில் கொடுத்து முப்பத்தெட்டுப் பேருக்குப் பாடம் சொல்லியிருப்பேன்.

நூற்றுக்கு நூறு. எழுத்துக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் குறைக்கிறேன்.

இவை இரண்டும் போக இன்னொரு தாளும் இருக்கிறது, அனுப்புகிறேன். பிற்பாடு நடந்த ஏலத்தின் பட்டியல். பொது ஏலம், ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் வாங்கியவரின் தொழில் போட்டிருக்கிறது. உடுப்பு அலமாரி, பள்ளி ஆசிரியர். பிள்ளைக் கட்டில் இரண்டும், மருத்துவமனைத் தாதி. மேஜை, தபால்காரர். நாற்காலி ஆறும், பழைய சாமான் கடை நடத்தும் பெண். பாருங்கள், உங்கள் ஆளும் இருக்கிறாள், என் ஆளும் இருக்கிறார்! உங்கள் ஆள் என்ன நினைத்து வாங்கியிருப்பாள் என்று எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 18

நாத்தனாருக்கு,

போன வாரம் வண்டி வெறுங்கையோடு வந்ததென்று கோபித்திருப்பாய். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.

என் ஆள் என்ன நினைத்து வாங்கினாள் என்று கேட்டாய். நாற்காலி ஆறும் ஒரே மாதிரி இருக்கிறது, சேர்த்துக் கொடுத்தால் நல்ல விலை போகும் என்று நினைத்தாள். வேறு எதுவும் நினைக்கவில்லை.

எப்படித் தெரியும் என்கிறாயா? நாங்கள் கடை போட்ட மறுவருடம். நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு இருந்ததே, வேறு மாதிரி பேசுகிற, வேறு சாமியைக் கும்பிடுகிற ஜனங்கள். யாரோ எதையோ கிளப்பிவிட, கம்பும் கையுமாக ஒரு கூட்டம் போனது. இரண்டே நாளில் அத்தனை வீடும் காலி. மூன்றாம் நாள் காலையில் ஒரு லாரிக்காரர் கடை வாசலில் நிறுத்தினார். "அக்கா, நல்ல சாமான். கேள்வி மட்டும் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை.

ஒரு மர அலமாரி வாங்கினேன். அதன் கதவின் உள்பக்கம் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. ஒரு பிள்ளையை நிற்க வைத்து உயரம் அளந்த கோடுகள். பக்கத்தில் அவர்கள் எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது. வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நான் நல்ல வேலைக்காரி, தடம் தெரியாமல் தேய்த்தேன். மேலே வார்னிஷ் அடித்தேன். அந்த வாரமே போய்விட்டது. யார் வாங்கினார்கள் என்றுகூட நினைவில்லை. அந்தக் கோடுகளும் மறந்துவிட்டன, உன் பட்டியல் வரும் வரைக்கும்.

அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே ஆட்களையே கொன்றார்கள், தேடித் தேடி, பிள்ளைகளைக்கூட விடாமல். இங்கே ஓடினவர்கள் எங்கேயோ நன்றாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கினவளை எனக்குத் தெரியும். அவள் ராட்சசி கிடையாது. நன்றாகச் சிரிப்பாள், வேடிக்கையாகப் பேசுவாள்.

அண்ணி


ஜூலை 22

அண்ணி,

இரவல் வாங்கிய தைரியத்தில் ஒன்று கேட்கிறேன். முடியாது என்று ஒரு வரி எழுதினாலும் உங்கள் மேல் எனக்குள்ள மரியாதை குறையாது.

எட்டாம் வகுப்புக்கு முதல் பட்டியல் மட்டும்தான். அது அந்த வயதுக்குப் போதும். பத்தாம் வகுப்புக்கு இரண்டையும் கொடுக்கப் போகிறேன். "வாங்கினவங்களுக்குத் தெரியாதா?" என்று கட்டாயம் கேட்பார்கள். புத்தகத்தில் இருப்பதை என்னால் சொல்ல முடியும். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை வாசிக்கட்டுமா? இரண்டும் சமம் இல்லை என்று நீங்கள் எழுதியதையும் சேர்த்தே வாசிப்பேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை எனக்கு எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்தக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்துதான் விடுமுறையெல்லாம் நான் படித்தேன். நானும் ஒன்றும் கேட்டதில்லை.

நாத்தனார்


ஜூலை 26

டீச்சரம்மா,

வாசி.

உன் அண்ணன், "ஊர் என்ன சொல்லும்?" என்றார். "ஊரும்தானே வாங்குச்சு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "லாரியிலேர்ந்து எறக்கினது நான்தான், அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஒரு நிபந்தனை. அழுதேன் என்று நடுவில் சேர்த்துவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். நான் அழவில்லை. அன்றைக்கு நல்ல வியாபாரம் என்று சந்தோஷமாக இருந்தேன். அதை அப்படியே சொல். என்னை நல்லவளாக்கினால் பிள்ளைகளுக்கு அது உதவாது.

நன்றி எல்லாம் எனக்கு வேண்டாம். இத்தனை வருடத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டவள் நீ ஒருத்திதான். நன்றி நான்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். வகுப்புக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு போ. உனக்குச் சீக்கிரம் தொண்டை கட்டும்.

அண்ணி


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணிக்கு,

முடிந்தது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து உங்கள் எழுத்து மாதிரி வருகிறது.

பத்தாம் வகுப்பில் முதல் பட்டியலை ஒன்றுமே சொல்லாமல் கொடுத்தேன். "இதை எழுதினது யாரு? கண்டுபிடிங்க" என்றேன். போலீஸ், ஏலக்காரர், வீட்டு ஓனர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பிறகு பின்வரிசையில் சிரிப்பு. என் உயிரே போய்விட்டது. "மிஸ், ஒத்தைக் கையுறையைப் போய் எழுதியிருக்காங்க!" என்கிறான் ஒருவன். நான் கத்தவில்லை. உங்களை நினைத்துக்கொண்டேன். "நல்லாக் கேட்டே. ஏன் எழுதணும்?" என்றேன். அவனும் யோசித்தான். பக்கத்தில் இருந்தவள், "அது அவங்க வீட்டுக் கையுறை, மிஸ்" என்றாள். பிறகு சன்னலைக் கண்டுபிடித்தார்கள். சாவியைக் கண்டுபிடித்தார்கள். கைப்பிடியைக் கண்டுபிடித்தது அந்தச் சிரித்தவன்தான். அவன் கையைச் சுற்றிக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் அந்த நான்கு பேரைப் பற்றிச் சொன்னேன். அறுபது லட்சம் என்பதைக் கடைசியில் சொன்னேன். அப்போது அது ஒரு எண்ணாக இல்லை.

ஆறாவது வகுப்பில் கடிகாரம் வந்து உட்கார்ந்தார். ஏலப் பட்டியலைப் படித்தோம். "வாங்கினவங்க எல்லாம் கெட்டவங்களா மிஸ்?" என்று கேட்டார்கள். ஆசிரியர் வாங்கிய அலமாரியைக் காட்டி, "இவர் என் ஆள்" என்றேன். உங்கள் கடிதத்தையும், பிறகு நீங்கள் சேர்க்கச் சொன்னதையும் வாசித்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்பது வரை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். தண்ணீர் குடிக்க இரண்டு இடத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. கடிகாரமும் எழவில்லை! எட்டு நிமிடம், அண்ணி. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். போகும்போது என் அருகில் வந்து, "அடுத்த வருஷம் எட்டு வகுப்பா எடுத்துக்கோங்க" என்றார். பிறகு, "உங்க அண்ணி கிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

ஒன்றரைப் பத்தியிலிருந்து நீங்கள்தான் எங்களைக் கைதூக்கி விட்டீர்கள். பிள்ளைகள் உங்களுக்குக் கேள்வி எழுதியிருக்கிறார்கள், முப்பத்தெட்டுச் சீட்டு, ஓட்டுநரிடம் இருக்கிறது. பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

என்றும் நன்றியுடன்,
உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 10

எட்டு வகுப்பு டீச்சரம்மாவுக்கு,

உன் கடிகாரத்தை நிறுத்திவிட்டோம் பார்! அது நின்று நேரம் தெரியாமல் உன் பள்ளிக்கூடம் தவிக்கப் போகிறது. அந்த அம்மாவை நானும் கேட்டேன் என்று சொல். நாற்காலி ஏதாவது வேண்டுமானால் வரச் சொல்.

முப்பத்தெட்டுச் சீட்டையும் கடையைச் சாத்திவைத்துப் படித்தேன். ஒரு பிள்ளை, 'ஆன்ட்டி, உங்கள் கடையில் கியர் சைக்கிள் கிடைக்குமா' என்று எழுதியிருக்கிறது. அது பிழைத்துக்கொள்ளும், எதிர்க்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை, 'நான் உங்களை மன்னித்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறது. நல்ல பிள்ளை. ஆனால் மன்னிக்க வேண்டியவர்கள் அந்த அலமாரிக்காரர்கள்தானே, அதை நீயே பக்குவமாகச் சொல். மற்றபடி எல்லாரும் ஒரே கேள்விதான். ஏன் தேய்த்தீர்கள், ஏன் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் இருந்த பதிலை முன்னாலேயே எழுதிவிட்டேன். புதிதாக ஒன்றும் இல்லை.

ஒரு பெண் பிள்ளை மட்டும், 'எத்தனை கோடு இருந்தது?' என்று கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு வரி.

நினைவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. எழுந்து போய்க் கடையில் நிற்கிற ஒரு அலமாரியைத் திறந்து, கதவின் உள்பக்கம் கை வைத்தேன். உப்புத்தாளைப் பிடித்த கைதானே, அது தானாகவே போய் நின்றது. கீழே குனிந்து தேய்த்த இடம். எழுந்து நின்று தேய்த்த இடம். உன் அண்ணன் வந்து பார்த்தார். அளக்கிற டேப்பை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தார்.

ஏழு கோடு. முதல் கோடு என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. நான்காவதும் ஐந்தாவதும் ஒட்டி ஒட்டி இருந்தன, அந்த வருடம் பிள்ளைக்கு உடம்புக்கு ஏதோ வந்திருக்கும். அடுத்த வருடம் ஒரே தாவாகத் தாவியிருந்தது. வீட்டில் கொண்டாடியிருப்பார்கள். கடைசிக் கோடு என் தோளுக்கு நாலு விரல் கீழே. அதற்கு மேல் கதவில் நிறைய இடம் இருந்தது.

டேப்பில் வந்த அளவுகளை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் உன் அண்ணன் எழுதியிருக்கிறார். அவர் எழுத்து என்னுடையதைவிட மோசம், அதனால் ஒவ்வொன்றையும் நான் சரிபார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடு. நான் நன்றி சொன்னேன் என்று சொல்.

உன் அண்ணி